பன்னிரண்டு வாளிகள்

முதல் வாளியில் ஒன்பது. மூடியைத் திறந்ததும் புளித்த கரும்புச் சக்கையும் அன்னாசித் தோலும் சேர்ந்த நாற்றம் முகத்தில் அடிக்கிறது, அதற்கு அடியில் அந்த இன்னொரு வாடை, மூடியின் உள்பக்கம் கம்பியில் தொங்குகிற மருந்துப் பொட்டணத்தின் வாடை, நல்லது என்றும் சொல்ல முடியாது கெட்டது என்றும் சொல்ல முடியாது, மனுஷ மூக்குக்கு அதில் ஒன்றும் இல்லை, வண்டுக்குத்தான் அது பேச்சு. ஒன்பது. ஏழு செத்தது, ரெண்டு இன்னும் உயிரோடு காலை உதைத்துக்கொண்டு. செங்கல் நிறம், முதுகில் கறுப்புப் புள்ளி, யானைத் துதிக்கை மாதிரி மூக்கு. சிவப்புக் கூன்வண்டு. நோட்டில் எழுதுகிறேன், ஒன்று, ஒன்பது. பத்தரைக்குப் பட்டுக்கோட்டை பஸ். அதற்குள் சொல்லிவிட வேண்டும். என் தம்பி கலியமூர்த்தி இன்றைக்குத் திருப்பூர் போகிறான், பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு, பனியன் கம்பெனி வாசலில் நீலச் சட்டை போட்டு நின்று வருகிற கார்க்காரனுக்கெல்லாம் சலாம் வைக்கப் போகிறான், நாற்பத்தாறு வயதில். அவன் வைத்த தென்னம்பிள்ளைகள் செத்துப்போனதால் போகிறான். அவை செத்தது என்னால். இந்த வேலியோரம் நான் கட்டித் தொங்கவிட்ட பன்னிரண்டு வாளியால். அது அவனுக்குத் தெரியாது. விஷயம் இவ்வளவுதான், சொல்ல நாலு வார்த்தை போதும், கலியா உன் மரத்தைக் கொன்னது நான்தான், முடிந்தது. நாலு வார்த்தை, நாலரை வார்த்தை. காலையில் ஆறு மணிக்கு எழுந்ததிலிருந்து அதை வாயில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன், வெற்றிலை மாதிரி சாறு மட்டும் இறங்குகிறது, துப்ப முடியவில்லை. சரி, ரெண்டாவது வாளியையும் பார்த்துவிட்டுப் போகலாம்.

ரெண்டாவதில் பதினாலு. போன வாரம் இதில் பதினொன்று. கூடியிருக்கிறது. கூடியிருக்கிறது என்றதும் உள்ளே ஒரு சந்தோஷம் துள்ளுகிறதே, அதைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஒரு வருஷமாக இப்படித்தான் துள்ளியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எண்ணுவேன், அறுபத்தொன்று, எழுபத்துநாலு, ஒரு வாரம் நூற்றுப்பதினெட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு டீக்கடைக்கே போய்க் காட்டியிருக்கிறேன், பார் சிங்காரம், உன் தோப்புல பத்துகூட விழல, என்கிட்ட நூத்தி பதினெட்டு, வண்டுக்குக்கூடத் தெரியுது தவமணி யாருன்னு. சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எது கூடினாலும் லாபம் என்று படித்த புத்தி. என் பள்ளிக்கூடம் பேராவூரணி சந்தை, காய் குவியல் முன்னால் குத்தவைத்துப் பதினாலு வயதில் படித்தேன், ஒரு குவியல் காயில் பருப்பில்லாத ஒல்லி எத்தனை, அழுகல் எத்தனை என்று குலுக்கிப் பார்த்தே சொல்வேன், யாரும் ஏமாற்ற முடியாது. மட்டை உரித்தேன், கொப்பரைக் களத்தில் கூட்டினேன், தலையில் சுமந்தேன், அப்புறம் நானே வாங்கி நானே லாரி ஏற்றினேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, நான் வாயால் மட்டும் பிழைத்தவள். புருஷன் என்று ஒருத்தன் ரெண்டு வருஷம் இருந்தான், இந்த வாய்க்குத்தான் அவனும் போனான். போகட்டும். அவனுக்காக அழுததில்லை. கலியன் வீட்டுப் பக்கமிருந்து தகரப் பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்கிறது. அவன் பெண்டாட்டி இந்திராணி இருமுகிறாள். பாயைச் சுருட்டித் தட்டுகிறாள் போல, டப் டப் என்று, ஊரை விட்டுப் போகிறவர்களுக்குப் பாயில் என்ன தூசி.

அம்மா போனபோது அவனுக்கு ஆறு, எனக்குப் பதினாலு. அப்பன் அதற்கு முன்னாலேயே மலேசியாவில் தொலைந்தவன். களத்துக்குப் போகும்போது அவனைக் கூட்டிக்கொண்டு போவேன், கொப்பரைச் சூட்டில் உட்கார வைத்துவிட்டு வேலை செய்வேன், பசித்தால் கொப்பரையைக் கடிப்பான், மேஸ்திரி திட்டினால் நான் மேஸ்திரியைத் திட்டுவேன். அப்படித்தான் திட்ட ஆரம்பித்தேன். அது முதலில் அவனுக்காகத்தான். பின்னால் நிறுத்தத் தெரியவில்லை. மூன்றாவது வாளியில் ஆறுதான், தண்ணீர் வற்றிவிட்டது, குடத்திலிருந்து ஊற்றுகிறேன், பாதி சேலையில். ஒரு ஏக்கர் வாங்கி அவன் பேருக்கு எழுதிக் கொடுத்தேன் கல்யாணத்தப்போ. என் தோப்பை ஒட்டியே. நடுவில் கிளுவை வேலி, வேலி என்று பேர், ஆடு நுழையும், கோழி நுழையும், இந்திராணி குழம்புக் கிண்ணம் நுழையும். கஜா புயல் அடித்த மறுநாள் காலையில் இந்த வேலி இருந்த இடமே தெரியவில்லை. அவன் பக்கம் அறுபத்துநாலு மரம், அத்தனையும் படுத்துவிட்டது, ஒரு மரம் நிற்கவில்லை. என் பக்கம் பாதி நின்றது. அவன் விழுந்த மரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு இளநீரை வெட்டி வெட்டி வைத்துக்கொண்டிருந்தான், குடிக்கவில்லை, சும்மா வெட்டிக்கொண்டே இருந்தான், இருபது முப்பது இருக்கும். நான்தான் அரிவாளைப் பிடுங்கினேன். எழுந்திருடா, மறுபடி வை, என்றேன். வைத்தான். நூற்றுப்பத்துப் பிள்ளை. கன்று விலைக்கு வாங்கவில்லை, முற்றிக் காய்ந்த நெத்துக் காயைப் பொறுக்கி அவனே முளைக்கப் போட்டு, முதல் கோடையில் மோட்டார் இல்லாமல் குடத்தில் தூக்கி ஊற்றினான், ஒரு பிள்ளைக்கு ரெண்டு குடம், தோளில் புண் வந்து ஈ மொய்த்தது, துண்டைப் போட்டு மூடிக்கொண்டு ஊற்றினான். அந்தத் தோள். அதைத்தான் நான் கொன்றேன். இல்லை, வண்டு கொன்றது. இல்லை.

விழுந்த மரங்களை ஊரே அப்படி அப்படியே போட்டது, யார் அள்ளுவது, லட்சம் மரம். அதில்தான் வண்டு பெருகியது என்று ரெஜினா சொன்னாள். வேளாண்மை ஆபீஸ் பெண், ஸ்கூட்டியில் வருவாள், சின்னப் பெண் ஆனால் மரத்தைத் தொட்டுப் பார்க்கிற விதத்திலேயே தெரியும் வேலை தெரிந்தவள் என்று. கூன்வண்டு பெரிய மரத்தை அவ்வளவாகச் சீண்டாது, அஞ்சு வயசு, பத்து வயசுப் பிள்ளைதான் அதற்கு வேண்டும், தண்டு இளசாக இருக்கும், வெட்டுக் காயத்தில் முட்டை வைத்துவிட்டுப் போகும், புழு உள்ளே குடையும், வெளியே பச்சையாகவே நிற்கும், ஒருநாள் தலை கழன்று விழும். அவள்தான் இந்த வாளியைச் சொன்னாள். இனக்கவர்ச்சிப் பொறி என்று அவள் பேர் சொன்னாள், வாளி என்று நான் சொன்னேன். ஆண் வண்டு தன் கூட்டத்தைக் கூப்பிடுகிற வாடையை மருந்தாகச் செய்து பொட்டணம் கட்டியிருக்கிறார்கள், இங்கே தீனி இருக்கிறது எல்லாரும் வாங்க என்கிற வாடை, ஆணும் வரும் பெண்ணும் வரும், பெண்தான் கூட வரும். உங்க நாலு ஏக்கருக்கு ஒண்ணு போதும்மா, எவ்வளவு வண்டு நடமாடுதுன்னு பார்க்கத்தான் முக்கியமா இது, வேலியோரமா கட்டுங்க, இளம்பிள்ளை பக்கத்துல வேண்டாம். இதைச் சொன்னாளா? சொன்னாள். சொன்னது காதில் விழுந்தது. ஒண்ணு போதும் என்பது விழுந்தது, வேலியோரம் என்பது விழுந்தது. இளம்பிள்ளை என்றபோது எனக்கு ஏது இளம்பிள்ளை என்று என் தோப்பை மட்டும் நினைத்தேன். என் தோப்பில் எல்லாம் முப்பது வருஷ மரம். அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் மருந்துக்கடைக்காரனிடம் எப்படிப் பேசலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். எப்பவுமே அப்படித்தான், எதிராளி பேசும்போது கேட்கிற வழக்கம் எனக்கு இல்லை, அடுத்த வார்த்தையைத் தீட்டிக்கொண்டிருப்பேன்.

சலீம் பாய் கடையில் அன்றைக்கு நடந்ததை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. ஒண்ணு போதும்னு மேடம் சொன்னாங்களேக்கா, என்றார் அவர். விற்கிறவன். விற்கிறவன் வாயிலிருந்து வேண்டாம் என்று வருகிறது என்றால் என்ன அர்த்தம்? சந்தையில் பழம் தின்று கொட்டை போட்ட எனக்குத் தெரியாதா, பெரிய இடத்துக்கு ஒதுக்கி வைத்திருக்கிறான் என்று அர்த்தம். நான் விடவில்லை. உட்கார்ந்துவிட்டேன் கடை வாசலில். ஆறு வாளி விலைக்குப் பன்னிரண்டு வேண்டும் என்றேன், பொட்டணமும் சேர்த்து. ரெண்டு மணி நேரம். அவர் டீ வாங்கிக் கொடுத்தார், குடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். கடைசியில் எக்கா எடுத்துட்டுப் போங்க, உங்க வாயோட என்னால முடியாது, என்று பன்னிரண்டையும் தூக்கி வைத்தார். ஆட்டோவில் அடுக்கிக்கொண்டு வரும்போது சாமி ஊர்வலத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது எனக்கு. ஊரில் ஒருத்தனிடமும் பன்னிரண்டு கிடையாது. ஒன்று போதும் என்றால் பன்னிரண்டு பன்னிரண்டு மடங்கு நல்லதுதானே, உரம்தான் கூடினால் கெடுதல், பொறி கூடினால் என்ன கெடுதல். ஐந்தாவதில் பத்து. ஒரு வண்டு விளிம்பைப் பிடித்து ஏறிவிட்டது, வாளிக்கு வெளியே சாக்கு சுற்றியிருக்கிறதே, கால் வழுக்காமல் ஏறி வரட்டும் என்று, அந்தச் சாக்கில் வந்து நிற்கிறது, உள்ளே போகவில்லை, மூக்கை ஆட்டுகிறது. பறந்தது. கிழக்கே. எல்லாம் வாளிக்குள் விழாது என்று அப்போது யார் யோசித்தார்கள். கூப்பிட்ட குரலுக்கு வந்த பத்தில் ரெண்டு மூன்று உள்ளே விழும், மீதி பக்கத்தில் எது இளசாக இருக்கிறதோ அதில் உட்காரும். இதுவும் அந்தப் பெண் சொன்னதுதான். பதினாலு நாளைக்கு முன்னால். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டிருந்தது.

ஏன் கிழக்கு வேலி? இதைத்தான் ராத்திரி பகல் என்று கேட்டுக்கொள்கிறேன். எனக்கு நாலு பக்கம் வேலி. மேற்கே ரோடு, போகிறவன் வருகிறவன் வாளியைக் கழற்றிக்கொண்டு போய்விடுவான். தெற்கே வாய்க்கால், குளிக்க வருகிறவன் எடுப்பான். வடக்கே இருக்கிறவன் என் மேல் கேஸ் போட்டவன். கிழக்கே தம்பி. தம்பி பக்கத்திலிருந்து ஒரு துரும்பு போகாது. அவனோடு பேச்சு நின்று ஆறு மாசம் ஆகியிருந்தபோதும் நான் கண்ணை மூடிக்கொண்டு நம்பின ஒரே பக்கம் அதுதான். இது உண்மை. ஆனால் இது மட்டுமா உண்மை? கட்டும்போது அவன் வேலிக்கு அந்தப் பக்கம் களை பறித்துக்கொண்டிருந்தான். நான் ஒவ்வொன்றாக, வேண்டுமென்றே மெதுவாக, சுத்தியல் சத்தம் கேட்கக் கேட்கக் கம்பு அடித்துத் தொங்கவிட்டேன், பாருடா, என்கிட்ட பன்னிரண்டு, உன்கிட்ட ஒன்றுகூட இல்லை, உனக்கு வேண்டுமானால் வாயைத் திறந்து கேள். கேட்டிருந்தால் பன்னிரண்டையும் கொடுத்திருப்பேன். அவன் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டான். கச்சான் காலம் வந்தால் காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது, என் வாளி வாடையைத் தூக்கிக்கொண்டு அவன் பிள்ளைகள் தலைக்கு மேலே கடற்கரை வரைக்கும் போகிறது, அங்கிருந்து காற்றை எதிர்த்து வண்டு வருகிறது, வழியில் முதலில் என்ன இருக்கிறது, அவன் தோப்பு. நான் அடுத்த வருஷத்து வண்டையெல்லாம் சேர்த்துக் கூப்பிட்டிருக்கிறேன். பந்தல் போட்டு மேளம் வைத்து.

சண்டை என்ன பெரிய சண்டை. அவன் பிள்ளைகளில் பத்துப் பதினைந்து முதல் பாளை விட்டுக் காய்த்தது. முதல் காய். நான் வருவேன் என்று காத்திருக்காமல் ஆவணம் ஊர் வியாபாரி ஒருத்தனுக்குக் கொடுத்துவிட்டான், அவன் காயைக் கண்டதும் நல்ல விலை சொன்னானாம். எனக்கு டீக்கடையில் வைத்துச் சிங்காரம் சொன்னான், உன் தம்பி காய் ஆவணம் போயிருச்சே தவமணி, என்று, அவன் சொன்ன விதம், அந்த இளிப்பு. எனக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது, காதுக்குள் களத்து நெருப்பு மாதிரி சத்தம் கேட்கும். கலியன் அந்த நேரம் பார்த்து சைக்கிளில் வந்தான். நடுரோட்டில் நிறுத்தினேன். நான் போட்ட சோத்துல வளந்த உடம்புடா அது, என்றேன். இன்னும் என்னென்னவோ. அம்மா செத்தபோது அவன் மூத்திரத் துணியை நான் துவைத்தது வரைக்கும் சொன்னேன், இருபது பேர் கேட்க. அவன் சைக்கிளை விட்டு இறங்கினான். தோளில் இருந்த துண்டை எடுத்து மடித்தான், நாலாக மடித்து, மறுபடி தோளில் போட்டுக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். ஏறி ஓட்டவில்லை, தள்ளிக்கொண்டு போனான். பிறகு ரொம்ப நாள் கழித்து இந்திராணி வாய்க்காலில் வைத்துச் சொன்னாள், முதல் காயில் ஒரு குலையைத் தனியாக உங்களுக்கு எடுத்து வைத்திருந்தார் அண்ணி, சாமிக்கு உடைக்கிறதுக்குன்னு, அது காஞ்சே போச்சு. ஏழாவது வாளியை எண்ணினேனா இல்லையா. எண்ணாமலேயே பன்னிரண்டு என்று எழுதியிருக்கிறேன். திரும்பப் போய் எண்ண வேண்டாம். ஏன் எண்ண வேண்டும், யாருக்கு வேண்டும் இந்த எண்ணிக்கை.

பதினாலு நாளைக்கு முன்னால் ரெஜினா வந்து நோட்டை வாங்கிப் புரட்டினாள். பாராட்டுவாள் என்று காபி போட்டு வைத்திருந்தேன். பக்கம் திருப்பத் திருப்ப அவள் முகம் சுருங்கியது. எத்தனை பொறிம்மா கட்டியிருக்கீங்க, என்றாள். சொன்னேன். எழுந்து வேலி வரைக்கும் நடந்தாள், வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள், தலை சாய்ந்து நிற்கிற பிள்ளைகளை, கழன்று விழுந்த குருத்தை, பழுப்பு நீர் வடிந்த தண்டுகளை. அது யாரோடது, என்றாள். என் தம்பியோடது, வண்டு அடிச்சது, அவன் பராமரிப்பு போதாது, என்று நான் ஆரம்பித்தேன், வாய் அதுபாட்டுக்கு ஆரம்பித்துவிட்டது. அம்மா, இது உங்க தோப்பு வண்டு இல்ல, சுத்துப்பட்டு வண்டு பூரா, நீங்க கூப்புட்டிருக்கீங்க, என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் ரெண்டு வாங்கு வாங்கி அனுப்பியிருப்பேன், எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். காபியைத் தொடாமலே கிளம்பினாள். எல்லாத்தையும் அவிழ்த்துட்டு ஒண்ணே ஒண்ண மேற்கு மூலையில கட்டுங்க, இன்னைக்கே, என்றாள். அன்று மாலை கலியன் வீட்டில் இல்லாத நேரம் வேலிக்குள் நுழைந்து போய் ஒரு பிள்ளையின் தண்டில் காதை வைத்தேன். பச்சையாக நின்றது அது, அழகாக. உள்ளே சத்தம் கேட்டது. கருக் கருக் என்று, ஒரு ஆள் முறுக்குத் தின்கிற மாதிரி, நிதானமாக, அவசரமில்லாமல். நூறு புழு இருக்கும். நான் அந்த மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன் எவ்வளவு நேரமோ. அவிழ்த்தேனா? இல்லை. அவிழ்த்தால் சிங்காரம் ஏன் என்று கேட்பான். அவிழ்த்தால் கலியனுக்குப் புரிந்துவிடும். நாளைக்குச் சொல்லிவிட்டு அவிழ்க்கலாம், சொல்லாமல் அவிழ்ப்பது திருட்டு, நாளைக்கு. பதினாலு நாளைக்கு. இந்தப் பதினாலு நாளில் ஐந்து பிள்ளை விழுந்தது. அது யார் கணக்கு. மிச்சம் நாற்பத்தொன்று நிற்கிறது, அந்தக் கிழக்கோரம், வாளிக்குத் தூரத்தில் இருக்கிற வரிசைகள். அதெல்லாம் நல்ல பிள்ளைகள். நேற்றும் காதை வைத்துப் பார்த்தேன் ஒவ்வொன்றாக, சத்தம் இல்லை.

வியாபாரத்தில் ஒரு விதி உண்டு, முதலில் வாயைத் திறந்தவன் தோற்றான். விலை கேட்டால் நீ சொல்லு என்பேன், அவன் சொல்லும் வரைக்கும் வானத்தைப் பார்ப்பேன், கால் மணி நேரம்கூடப் பார்த்திருக்கிறேன், லாரிக்காரன் வியர்த்து வழிந்து தானே இறங்கி வருவான். அதே விதியை என் தம்பியிடமும் வைத்தேன். நீ வா, நீ முதலில் அக்கா என்று சொல்லு. ஒன்றரை வருஷம் வானத்தைப் பார்த்தேன். அவனும் என்னிடம் வளர்ந்தவன்தானே. பத்தாவது வாளி, எட்டு. வெயில் ஏறிவிட்டது. சொன்னால் என்ன செய்வான்? அரிவாளை எடுப்பானா, எடுக்கட்டும், அது நல்லது. அழுவானா? அவன் அழுது நான் பார்த்தது களத்தில்தான், ஆறு வயதில், அம்மா எப்ப வரும் என்று. ஒன்றும் சொல்லாமல் துண்டை மடித்தால்? அதுதான் பயம். அந்தத் துண்டு நாலாக மடிவதை மறுபடி என்னால் பார்க்க முடியாது. எழுதிக் கொடுக்கலாமா, எனக்கு எண்தான் எழுத வரும். ரெஜினாவை விட்டுச் சொல்லச் சொல்லலாமா. சீ. பதினோராவது. எத்தனை என்று கண்ணுக்குத் தெரியவில்லை, எல்லாம் ஒரே சிவப்பாகக் கலங்குகிறது.

"என்னக்கா, எண்ணி முடிச்சிட்டியா?"

வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறான். வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்டது, பையில் பேனா வேறு, யார் சொல்லி வைத்தது பேனாவை. முடி நரைத்திருக்கிறது காதுப் பக்கம், எப்போது நரைத்தது. அவன்தான் முதலில் வாயைத் திறந்தான். நான் ஜெயித்துவிட்டேன். பஸ்ஸுக்கு நேரமிருக்கு, சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன், என்றான். சாப்பிட்டாயா என்று கேட்டான். நான் இல்லை என்றேனா ஆமாம் என்றேனா. அவன் குரல் உள்ளே இறங்கிய இடத்தில் ஏதோ உடைந்து, அந்த வார்த்தை அதுவாகவே வெளியே வந்தது, நான் கொண்டுவரவில்லை.

"கலியா, உன் பிள்ளையெல்லாம் செத்தது இந்த வாளியாலதான்டா. நான்தான் வண்டக் கூப்புட்டு உன் தோட்டத்துல விட்டேன். ஒண்ணு கட்டச் சொன்னாங்க, நான் பன்னெண்டு கட்டினேன்."

என்னையே பார்த்தான். நான் அவன் தோளைப் பார்த்தேன், துண்டு இல்லை, வெள்ளைச் சட்டைதான். அவன் முகம் மெல்ல அசைந்தது, உதட்டோரம், கன்னம், பிறகு சிரித்தான். ஒன்றரை வருஷம் கழித்து என் தம்பி சிரித்தான்.

"எங்கக்கா புடிச்ச இத? லாரிக்காரன்கிட்ட டயர் தேஞ்சிருச்சுன்னு சொல்லி வாடகையக் கொறைப்பியே, அதே கொரலு." வேலி மேல் கையை வைத்து என் பக்கம் சாய்ந்தான். "வண்டப் புடிக்கிற வாளி வண்டக் கொண்டாந்து விடுமா? நான் போகக்கூடாதுன்னு பழிய உன் தலையில இழுத்துப் போட்டுக்கிற. உனக்கு எறங்கிவரத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்க்கா. இது போதும் எனக்கு."

இல்லடா, ஆபீசர் பொண்ணு சொன்னா, நோட்டுல பாரு, காத்து மேற்க இருந்து, என்று நான் சொல்லச் சொல்ல அவன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான், சரிக்கா சரிக்கா என்று, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி. நான் வேகமாகப் பேசப் பேச அவனுக்கு அது இன்னும் பேரமாகவே கேட்டது. நாற்பது வருஷம் இந்தக் குரலில்தான் அழுகல் காயை நல்ல காய் என்று விற்றேன், நல்ல காயை அழுகல் என்று வாங்கினேன். வேறு குரல் என்னிடம் இல்லை. அவன் கண் கலங்கியிருந்தது. வேலியின் சந்தில் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தான், கொப்பரைக் களத்தில் பிடிக்கிற மாதிரியே, உள்ளங்கை எல்லாம் காய்ப்பு. அப்படியே நின்றுவிடலாம் என்றிருந்தது. இவ்வளவு மலிவாக எனக்கு எதுவும் கிடைத்ததில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், அவன் என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறுவான், தீபாவளிக்கு வருவான், போன் போடுவான், நான் அவன் அக்காவாகவே இருப்பேன். சத்தியமாக மூடிக்கொண்டேன். அந்தப் பாவத்தையும் சொல்லிவிடுகிறேன். மூடிக்கொண்டேன்.

அப்போது அவன் பன்னிரண்டாவது வாளியைக் கழற்றினான். அவன் நின்ற இடத்துக்கு நேராக இருந்தது அது. கம்பியை நோகாமல் திருகி எடுத்து, மூடி அசையாமல் ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். மிச்சம் நாப்பத்தொண்ணு நிக்கிதுக்கா கெழக்கால, அதுக்கு நடுவுல இத ஒண்ணு கட்டிட்டுப் போறேன், இந்திராணி தம்பி வந்து தண்ணி மாத்திக்குவான், உனக்குப் பதினொண்ணு இருக்கே, என்றான். திரும்பி நடந்தான். அந்த நல்ல பிள்ளைகள் பக்கம். நான் வேலியில் புகுந்தேன், முள் கிழித்தது, கட்டாதடா என்றேன், வேண்டாம்டா என்றேன், அவன் சிரித்துக்கொண்டே, இன்னுமா, என்று திரும்பாமலே சொன்னான். உண்மைக்கு அவன் நிற்க மாட்டான். கெஞ்சினாலும் நிற்க மாட்டான், கெஞ்சலையும் அவன் என் பாசம் என்றே எடுப்பான். ஆனால் எந்த வார்த்தை சொன்னால் அந்தக் கால் நிற்கும் என்று எனக்குத் தெரியும். எதிராளிக்கு எங்கே வலிக்கும் என்று தெரிந்துகொள்வதுதானே என் தொழில்.

"வைடா கீழ. எம் பொருள்ல கைய வைக்காத. உன் காசுல வாங்கினதா அது?"

சந்தைக் குரல். அடுத்த தோப்பு வரைக்கும் கேட்டிருக்கும். நின்றான். திரும்ப நேரம் எடுத்தது. வாளியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், முகத்தில் இருந்த சிரிப்பு இறங்க வழி தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

"ஒரு வாளிக்காக்கா," என்றான்.

ஆமாம், என்றேன்.

கீழே வைத்தான். எறியவில்லை, தண்ணீர் சிந்தாமல் வைத்தான். சட்டையில் பட்டிருந்த சாக்குத் தூசியைத் தட்டிக்கொண்டான். வீட்டுப் பக்கமிருந்து இந்திராணி நேரமாச்சு என்று கூப்பிட்டாள், இதோ என்று குரல் கொடுத்தான், சாதாரணக் குரல்தான், நடந்தான். நாற்பத்தொரு பிள்ளையும் காற்றில் ஓலையை ஆட்டிக்கொண்டு நின்றன, அவற்றின் நடுவே வெள்ளைச் சட்டை தெரிந்தது, மறைந்தது, தெரிந்தது. நான் வாளியைத் தூக்கி, மூடியிலிருந்து அந்தப் பொட்டணத்தைப் பிய்த்து முந்தானையில் முடிந்தேன், அடுத்த வாளிக்கு நடந்தேன், பிய்த்தேன், முடிந்தேன், அடுத்தது. ரோட்டில் பஸ் ஹாரன் அடிக்கும்போது முந்தானையில் பதினொன்று இருந்தது, ஒன்று பாக்கி, ரெண்டு வண்டு அதற்குள் என் தோளில் வந்து உட்கார்ந்திருந்தன. தட்டிவிடவில்லை.